முள்ளங்கியாருக்கு முதல் வணக்கம்

விழா என்றால் சிறப்பு விருந்தினர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். எங்கள் தார் எஸ் சலாமில் கிணற்றுக்கு மூடி போட்டாலும் சரி, கோழிப்பண்ணைக்குப் பெயர்ப்பலகை மாட்டினாலும் சரி, மெத்தை இருக்கையில் ஒருவரை அமர்த்தி, 'தொடங்கி வைக்கிறேன்' என்று அவர் வாயால் சொல்லவைத்த பின்னரே காரியம் நடக்கும். அவர் எல்லாருக்கும் கடைசியாக வருவார். வரும்போது சபை எழுந்து நிற்கும். அவர்முன் வைக்கப்படும் சோடாப் புட்டியின் கழுத்தில் மெல்லிய காகிதம் ஒன்று கழுத்துத்துணி போலச் சுற்றப்பட்டிருக்கும். பேச எழுபவன் எவனாயினும், வந்திருக்கும் பெரியோரைப் பெயரும் பட்டமும் சொல்லி வரிசையாக விளித்த பிறகுதான் அடுத்த சொல்லை உதிர்க்கலாம்.

இதைத் தண்டாலேப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஆண்டுதோறும் கற்பித்தேன். சோம்பேறி அதிகாரிகள் சிலர் 'மரபு காக்கப்பட்டது' என்று ஒரே மூச்சில் சொல்லி, முன்வரிசைப் பெரியோர் அனைவரையும் விழுங்கிவிடுவார்கள். காக்காத மரபைக் 'காக்கப்பட்டது' என்று செயப்பாட்டுவினையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்வது ஒழுக்கத்துக்கும் இழுக்கு, மொழிக்கும் இழுக்கு. கட்டுரையில் அத்தொடரை எழுதியவன் என் வகுப்பறைக்கு வெளியே நின்றான்.

அவ்வாறு வெளியே நின்றவர்களுள் ஹம்துனியும் ஒருவன். இப்போது அவன் 'தெருவேகம்' என்னும் இசைக்குழுவின் வாய். வாய் என்று சொன்னது பிழையன்று. குழுவில் அவனுடைய வேறெந்த உறுப்புக்கும் வேலையில்லை. சிக்கு என்னும் பெண், பாதி விசைகள் உதிர்ந்துபோன மடிக்கணினி ஒன்றைத் தட்டுவாள். தகரக் கூரைமேல் ஒரு மூட்டை மாங்கொட்டையைக் கவிழ்த்தது போன்ற ஓசை பிறக்கும். அதன்மேல் ஹம்துனி மூச்சு விடாமல் சொற்களைக் கொட்டுவான். இதற்குச் சிங்கேலி என்று பெயர். எழுவாய் ஒரு தெருவிலும் பயனிலை மறு தெருவிலும் போய் விழும்.

முன்பெல்லாம் இவர்கள் கல்யாணக் கூடாரங்களில் மட்டும் வாசித்தார்கள். பிறகு யாரோ அதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். பனி பெய்யும் நாடுகளில் இருப்போர் அதைக் கண்டு, 'இன்னும் வேகமாக' என்று கேட்டார்கள். சிக்கு வேகத்தைக் கூட்டினாள். மீண்டும் கேட்டார்கள், மீண்டும் கூட்டினாள். இப்போது எங்கள் தெருவில் எவராலும் அதற்கு ஆட முடிவதில்லை. ஆடப் பிறந்த பெண்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள். முழங்கால்களுக்கு அது நல்லதுதான்.

ஹம்துனிக்குத் தௌசியின்மேல் விருப்பம். தௌசிக்கும் அவன்மேல் விருப்பம். இடையில் இருந்தவர் தௌசியின் தந்தை கித்வானா. ஃபெரி மீன் சந்தையில் ஏலம் விடுபவர். அவர் சூரைமீனை ஏலம் விடும்போது, வாங்குபவர்கள் விலையைக் கேட்டுப் புரிந்துகொள்வதில்லை, பயந்துபோய் வாங்குகிறார்கள். அத்தகையவர் ஒருநாள் என் வாசலில் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"வாத்தியாரே, அந்தப் பய என்ன வேலை பாக்குறான்னு கேட்டா 'லைவ்'ங்குறான். லைவ்ன்னா என்னன்னேன். நேரலையாம். உயிரோட பாடுறதாம். செத்தவன் எவன்யா பாடுறான்?"

"தௌசி என்ன சொல்றா?"

"அவ என்ன சொல்லுவா. சோத்துல கை வைக்க மாட்டேங்குறா. சரி, ஒரு தடவ வந்து பாக்குறேன்னு சொல்லிட்டேன். சபையில எனக்கு உரிய மரியாத கெடச்சா, அவன் வீட்டுப் பெரியவங்க பொண்ணு கேட்டு வரலாம். கெடைக்கலேன்னா அவன் செருப்புச் சத்தம்கூட எங்க சந்துல கேக்கக் கூடாது."

நியாயமான நிபந்தனை. அதை நானே ஹம்துனிக்குச் சொல்லியனுப்பினேன். மறுநாளே அவனும் சிக்குவும் ஆளுக்கு ஓர் இளநீரோடு என் வீட்டுக்கு வந்து நின்றார்கள்.

"சார், ஒரு சந்தேகம்," என்றான் ஹம்துனி. "தூரத்துலேர்ந்து வர்றவங்களுக்கு மொதல்ல வணக்கம் சொல்லணுமா, பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கா?"

"தூரத்துலேர்ந்து வர்றவங்களுக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரன் கோவிச்சுக்கிட்டாலும் நாளைக்கு உப்புக் கேட்டு வந்துருவான். தூரத்துக்காரன் வரமாட்டான். இதை வகுப்புலயே சொன்னேனே."

"நான் அன்னிக்கு வெளிய நின்னேன் சார்."

"யாரையாவது விட்டுட்டா என்ன ஆகும் சார்?" என்றாள் சிக்கு.

"அவமானம். வந்த ஒருத்தரையும் விடக்கூடாது."

"பேரு வேற பாஷையில இருந்தா?"

"அர்த்தம் சொல்லிக் கூப்பிடணும். அர்த்தம் தெரியாம கூப்பிட்டா அது கூப்பிட்டதாவே ஆகாது. ஏன், வெளியூர்க்காரங்க நிறைய வர்றாங்களா? நாற்காலி போதுமா?"

"அவங்களுக்கு நாற்காலி வேணாம் சார்," என்றாள் சிக்கு.

எவ்வளவு எளிமையான மனிதர்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஞாயிறு பிற்பகல், கரிக்கடைகளுக்குப் பின்னாலுள்ள திடலில் நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். ஒலிபெருக்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். எங்கள் தெருத் தலைவி பிலி அம்மாள், அந்தித் தொழுகைக்கு அழைப்பு எழுந்ததும் எல்லாம் நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி தந்திருந்தார். தந்த அனுமதிக்குக் காவலாகத் தாமே வந்து ஓரமாக அமர்ந்து, வாய்க்குள் வேர்க்கடலையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

கித்வானா வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி, புதுத் தோல்செருப்பு ஆகியவற்றோடு வந்தார். எலுமிச்சையைத் தேய்த்துக் குளித்திருந்தார், மீன்வாடை இல்லை. கூடாரத்தின் நடுவில் பின்னல்துணி விரித்த மெத்தை இருக்கை ஒன்று இருந்தது. அதன்முன் சிறுமேசை, நெகிழிப் பூக்கள், கழுத்தில் காகிதம் சுற்றிய சோடா. அவர் முகம் மலர்ந்தது.

"பரவால்ல வாத்தியாரே. பையன் ஒழுங்காத்தான் பண்ணியிருக்கான்," என்று சொல்லி அங்கியைச் சற்றே தூக்கி அமரப் போனார்.

ஒலிபெருக்கிக்காரன் ஓடிவந்தான். "பெரியவரே, அது சிறப்பு விருந்தினருக்கு."

"அதான் வந்துட்டேனே."

"இல்ல பெரியவரே. ஒங்களுக்கு அங்க போட்டிருக்கு. வாத்தியார் பக்கத்துல."

அங்கே இருந்தது ஒரு நெகிழி நாற்காலி. அதன் கால் ஒன்று கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கித்வானா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அமர்ந்தார். நாற்காலி முனகியது.

"யாரோ பெரிய மனுசன் வர்றான்போல," என்றார். "மந்திரியா?"

"தெரியலை."

"மந்திரின்னா விட்டுக் குடுக்கலாம்."

அப்போது ஒலிபெருக்கியில் சிக்குவின் குரல் எழுந்தது. "எல்லாரும் எழுந்து நில்லுங்க. நம்ம சிறப்பு விருந்தினர் வர்றாங்க."

எல்லாரும் எழுந்தோம். கித்வானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஒலிபெருக்கிக்காரன் இரு கைகளாலும் ஒரு தட்டை ஏந்தி, அடிமேல் அடி வைத்து வந்தான். தட்டில் சிறு திண்டு. திண்டின்மேல் கைப்பேசி. அதன் திரையில் ஒரு முள்ளங்கியின் படம் தெரிந்தது. இலையோடு கூடிய, நல்ல சிவந்த முள்ளங்கி. அதற்குக் கண்களும், கவிழ்ந்த வாயும் யாரோ வரைந்திருந்தார்கள்.

கைப்பேசியை மெத்தை இருக்கையில் சாய்த்துவைத்து, சோடாவில் உறிஞ்சுகுழலைச் செருகி, அதன் பக்கமாகத் திருப்பிவைத்தான்.

"வாத்தியாரே, அது என்ன?"

"கைப்பேசி."

"அது தெரியுது. அதுக்குள்ள?"

"முள்ளங்கி."

"முள்ளங்கிக்கா நான் எந்திரிச்சேன்?"

"நானுந்தானே எந்திரிச்சேன்."

சிக்கு விளக்கினாள். அது முள்ளங்கியன்று, முள்ளங்கியின் படத்தை முகமாக வைத்துக்கொண்ட ஒரு மனிதர். இணையத்தில் அவர் பெயர் 'சோகமான முள்ளங்கி'. பனி பெய்யும் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறார். ஆணா பெண்ணா என்பது எவருக்கும் தெரியாது. தெருவேகத்தின் ஒவ்வொரு காணொளிக்குக் கீழும் முதல் ஆளாக வந்து வாழ்த்துபவர் அவரே. மழையில் ஒலிவாங்கி நனைந்துபோய் ஒலியே பதியாத காணொளிக்குக்கூட வாழ்த்தினார். அத்தகையவரை நிற்கவைப்பது எப்படி முறையாகும்?

முள்ளங்கி 'வந்தது' என்பதா, 'வந்தார்' என்பதா என்று எனக்குள் ஒரு குழப்பம் எழுந்தது. உயர்திணை என்று வைத்துக்கொண்டு அமர்ந்தேன்.

அடுத்து, விழாவைத் தொடங்கிவைக்குமாறு முள்ளங்கியாரை வேண்டினார்கள். சிக்கு அதை எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியால் அவர் மொழிக்கு மாற்றி அனுப்பினாள். சற்று நேரம் சபை மூச்சை அடக்கிக்கொண்டு கைப்பேசியையே பார்த்தது. பின்பு அது 'டிங்' என்றது. ஒலிபெருக்கிக்காரன் குனிந்து பார்த்தான்.

"தீ," என்றான்.

"எங்க?" என்று எழுந்தார் பிலி அம்மாள்.

"போன்ல. தீப்படம் அனுப்பியிருக்காரு. மூணு."

"மூணு தீன்னா என்ன அர்த்தம்? தொடங்குன்னா, நிறுத்துன்னா?"

ஒரு சிறு விவாதம் மூண்டது. விளக்கேற்றித் தொடங்குவது போலத்தான் என்றது ஒரு கட்சி. எரிந்து போங்கள் என்ற சாபமாகவும் இருக்கலாமே என்றது இன்னொரு கட்சி. என்னிடம் கேட்டார்கள். வினைமுற்று இல்லாததை வாக்கியமாக ஏற்க இயலாது என்றேன். ஆகவே என்னை விட்டுவிட்டுக் கை தூக்கச் சொன்னார்கள். மூன்று தீ என்பது தொடங்கிவைத்ததற்கே அடையாளம் என்று சபை தீர்மானித்தது. கித்வானா கை தூக்கவில்லை.

"சரி, இனி வணக்கம்," என்றார் அவர், தொண்டையைச் செருமி நிமிர்ந்து உட்கார்ந்து. "முள்ளங்கிக்கு அடுத்தது நான்."

சிக்கு தாளத்தை மெல்ல ஓடவிட்டாள். ஹம்துனி ஒலிவாங்கியோடு எழுந்தான். அவன்முன் முக்காலியில் இன்னொரு கைப்பேசி நின்றது. அதில் நேரலையைப் பார்ப்போரின் பெயர்கள் வரிசையாக மேலேறிக்கொண்டிருந்தன. ஹம்துனி மார்பில் கைவைத்துத் தலைதாழ்த்தினான்.

"மதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் சோகமான முள்ளங்கி அவர்களே. மதிப்பிற்குரிய ஈரத்துணி அவர்களே. மதிப்பிற்குரிய பூனையின் வக்கீல் அவர்களே. மதிப்பிற்குரிய தூங்காத கரண்டி அவர்களே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தூரத்திலிருந்து வந்தவர்கள், நாற்காலி வேண்டாதவர்கள், புரியாத மொழியில் பெயருள்ளவர்கள் எல்லாரும் இவர்களே. விதியில் குற்றமில்லை. விதி சரியானது. அதைக் கொண்டுபோய் எதன்மேல் சாத்துகிறார்கள் என்பதில்தான் கோளாறு.

"மதிப்பிற்குரிய வெங்காயம் எழுபத்தேழு அவர்களே."

கித்வானா என் பக்கம் சாய்ந்தார். "வாத்தியாரே, அப்ப மத்த எழுபத்தாறு வெங்காயமும் வருமா?"

"வராதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்காதீங்க. உறுதியாச் சொல்லுங்க."

உறுதி சொல்ல எவராலும் இயலாது. ஹம்துனி பத்துப் பெயர் சொல்லி முடிப்பதற்குள் இருபது பெயர் புதிதாய் வந்து சேர்ந்தன. தம் பெயரைக் கேட்டவர்கள் மகிழ்ந்து தம் நண்பர்களையும் அழைத்தார்கள். 'ஆப்பிரிக்காவில் ஒருவர் உங்களை மரியாதையாக விளிக்கிறார், வாருங்கள்' என்று செய்தி பரவியது. இத்தனை காலமும் அவர்களை ஒருவரும் அவ்வாறு அழைத்ததில்லை போலும். மாமியாரின் தலைக்கவசம் வந்தார். அழுகிய மேகம் வந்தார். 'இப்பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது' என்னும் பெயருடையவரும் வந்தார். அவரையும் ஹம்துனி விடாமல் விளித்தான்.

கித்வானா எழுந்து போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. விளிக்கப்படுமுன் எழுந்து போனால், மரியாதை கிடைக்கவில்லை என்று ஆகாது. அவர் காத்திருக்கவில்லை என்றே ஆகும். பழி அவர்மேல் விழும். ஏலக்காரருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர் அமர்ந்திருந்தார். தொப்பி மட்டும் சூடேறுவது போலத் தோன்றியது.

தௌசி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, காகிதத்தில் பொரித்த மரவள்ளியோடு வந்தாள்.

"அப்பா, இத சாப்புடுங்க."

"ஒரு வெங்காயமும் வேணாம்."

"இது மரவள்ளிப்பா. இங்க பாருங்க, இப்டியே ஒக்காந்திருந்தா அந்தித் தொழுகைக்கும் ஒங்க பேரு வராது. போனுக்குள்ள இருக்கறவங்களத்தானே கூப்புடுறான்? நீங்களும் போனுக்குள்ள போயிருங்க."

"நான் எப்டிடி போனுக்குள்ள போறது?"

"அம்மா போன எடுத்துட்டு வந்திருக்கேன். தோ, அமுக்கியாச்சு. போயிட்டீங்க."

தௌசியின் தாய் கல்யாண வீடுகளுக்குப் பிலாவ் சமைத்துக் கொடுப்பவர். அவருடைய இணையப் பெயர் 'சூடான பிலாவ்'. அப்பெயரோடு கித்வானா நேரலைக்குள் புகுந்தார். கைப்பேசியை மூக்கருகே பிடித்து, தம் பெயர் எங்கே என்று தேடினார்.

"எங்கடி இருக்கேன்?"

"கடைசில. இப்பத்தானே வந்தீங்க."

"நாற்காலில இருந்தப்போ இந்தப் போன் கும்பலுக்கு அடுத்த மொத ஆளு நான்தானே?"

"ஆமா."

"இப்ப?"

"இப்ப நீங்களே போன் கும்பல்தான்பா."

கித்வானா மரவள்ளி ஒன்றை எடுத்து, கடிக்காமல், நெடுநேரம் அதையே பார்த்தார்.

வெயில் சாய்ந்தது. நீலத் தார்ப்பாய் கருநீலமாயிற்று. பிலி அம்மாள் கடலைத்தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தார்.

"டேய் ஹம்துனி. பொழுது எறங்குது. நீ எப்ப பேர முடிச்சு எப்ப பாட்டுப் போடுறது? 'மரபு காக்கப்பட்டது'ன்னு சொல்லிட்டு ஆரம்பிப்பா."

நான் எழுந்தேன். எனக்கு முன்னதாகவே கித்வானா எழுந்திருந்தார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க," என்றார் அவர். "ஈரத்துணிக்கு வணக்கம் சொன்னான். கேட்டுக்கிட்டேன். கரண்டிக்குச் சொன்னான். கேட்டுக்கிட்டேன். மாமியாரோட தலைக்கவசத்துக்குச் சொன்னான், மாமியாருக்குச் சொல்லல, அதையும் கேட்டுக்கிட்டேன். என் முறை வர்ற நேரத்துல 'காக்கப்பட்டது'ன்னு மூட்டையக் கட்டுறீங்களா? யாரு காத்தா? எப்பக் காத்தா?"

செயப்பாட்டுவினையை இவ்வளவு தெளிவாகக் கண்டித்த வேறொருவரை நான் கண்டதில்லை.

ஹம்துனி கலங்கிப்போய் மேலும் வேகமாக அழைக்க முயன்றான். "மதிப்பிற்குரிய பல்லில்லாத சீப்பு அவர்களே, மதிப்பிற்குரிய—" என்றவனின் குரல் அங்கேயே அறுந்தது. மீண்டும் வாயைத் திறந்தான். காற்று வந்தது; ஓசை வரவில்லை. தொண்டையைத் தொட்டுக்காட்டித் தலையசைத்தான். தெருவேகத்தின் ஒரே வாய் அடைத்துப்போயிற்று.

சிக்குவின் தாளம் மட்டும் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. தௌசி வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படியே அழைப்பொலி எழுந்துவிட்டால், கித்வானா விளிக்கப்படாமல் வீட்டுக்குப் போவார். அதன்பின் ஹம்துனியின் செருப்புச் சத்தம் அவர்கள் சந்தில் கேட்காது. இது அங்கே எல்லாருக்கும் தெரியும். முள்ளங்கிக்கு மட்டும் தெரியாது.

கித்வானா நெகிழி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னே நடந்தார். நேராக ஹம்துனியிடம் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து இருவர் குறுக்கே வந்தார்கள். அவர் கையை மட்டும் நீட்டினார்.

"குடுடா அத. இது ஒரு வேகமா? நீ கூப்புடுற வேகத்துக்கு மீனு நாறிப்போயிரும்."

ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டு, மற்றொரு கையால் முக்காலியின் கைப்பேசியைத் தம் பக்கம் திருப்பினார். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். ஃபெரி சந்தையின் விடியற்காலை அப்படியே அவர் வாய்வழியாகப் புறப்பட்டது.

"சீப்பு சீப்பு பல்லில்லாச் சீப்பு ஒரு தரம் வணக்கம், நொண்டி வால்மீனு ரெண்டு தரம் வணக்கம், குளிராத ஐஸ்கட்டி வாங்கய்யா வாங்க வணக்கம், திங்கக்கெழம திருடன் வணக்கம் அந்தப்பக்கம் நில்லு, ஊறுகாய்க்குப் பொறந்தவன் வணக்கம், மூக்கு மூக்கு ரெண்டு மூக்கு மூணு தரம் வணக்கம் போட்டாச்சு அடுத்தது யாரு—"

சிக்குவின் கணினி அவருக்குப் பின்தங்கிவிட்டது. அவள் பதறிக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். அப்போதும் அவர் முன்னே இருந்தார். மேலும் கூட்டினாள். பனிநாட்டார் கேட்டுக் கேட்டும் தொடாத வேகத்தைக் கணினி தொட்டது. அதன் உதிராத விசைகளுள் ஒன்று உதிர்ந்தது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அதை இடுப்பில் செருகினார்கள். முதலில் ஓர் இடுப்பு அசைந்தது. பின்பு திடல் முழுதும் அசைந்தது. முழங்கால்களைப் பற்றி நான் முன்னர்ச் சொன்னதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. பிலி அம்மாள்கூடக் கடலைப் பொட்டலத்தைத் தலைக்கு மேலே சுழற்றினார்.

பெயர்கள் சேரும் வேகத்தைக் கித்வானாவின் வாய் மிஞ்சியது. அன்று முதன்முறையாக வரிசை குறையத் தொடங்கிற்று. அவர் விரலால் தள்ளத் தள்ளப் பெயர்கள் தீர்ந்தன. "ஓட்டைப் படகு வணக்கம், ஓட்டைப் படகோட தம்பி வணக்கம், சூடான பிலாவ்—"

நின்றுவிட்டார்.

சபைக்குக் காரணம் புரிந்தது. தன்னைத் தானே விளித்து வணங்குபவனை எங்கள் ஊரில் அரசியல்வாதி என்போம். கித்வானா மானமுள்ளவர். ஒலிவாங்கியை ஹம்துனியிடம் நீட்டினார்.

ஹம்துனி யாரோ நீட்டிய இளநீரை ஒரு மிடறு விழுங்கினான். தவளை போன்ற ஒரு குரல் கிடைத்தது. "மதிப்பிற்குரிய... சூடான பிலாவ் அவர்களே."

"அது என் பொண்டாட்டி," என்றார் கித்வானா. "நான் யாரு?"

சிக்கு தாளத்தை அடக்கினாள். ஹம்துனி நேராக நின்றான். குரல் இல்லாத காரணத்தால் அவனால் விரைய முடியவில்லை. ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வோர் அசையாக, எழுவாயும் பயனிலையும் ஒரே தெருவில் நிற்கும்படி அவன் பேசினான்.

"மதிப்பிற்குரிய கித்வானா பின் ஷொமாரி அவர்களே. ஃபெரி சந்தைக்குக் குரல் கொடுத்தவரே. கடலிலிருந்து வந்த எந்த மீனையும் மாலைவரை காக்க வைக்காதவரே. இன்று எங்களுக்காக மாலைவரை காத்திருந்தவரே. உங்களை வணங்குகிறோம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். பிழையே இல்லை. வெளியே நின்றவன் சன்னல்வழியாகக் கேட்டிருக்கிறான்.

அக்கணத்தில் பள்ளிவாசலிலிருந்து அழைப்பு எழுந்தது. பிலி அம்மாள் கையை உயர்த்தினார். சிக்கு கணினியை மூடினாள்.

கித்வானா சுற்றுமுற்றும் பார்த்தார். "சரி, வணக்கம் முடிஞ்சது. பாட்டு எப்போ?"

"அதான் முடிஞ்சதே மாமா," என்றான் ஹம்துனி.

"எது?"

"நீங்க பாடுனதுதான் பாட்டு."

"அதில்ல. அதுக்கு முன்னால என்ன சொன்னே? யாருடா மாமா?"

தௌசி மரவள்ளிக் காகிதத்தைச் சின்னஞ்சிறிதாக மடித்துக்கொண்டே இருந்தாள். அப்போது மெத்தை இருக்கையில் கைப்பேசி 'டிங்' என்றது. ஒலிபெருக்கிக்காரன் குனிந்தான்.

"தீயா?" என்றார் பிலி அம்மாள்.

"இல்ல. எழுத்து. சிக்கு, இங்க வா."

சிக்கு மொழிபெயர்த்துப் படித்தாள். "'நேரலையில் பார்த்தேன். அந்தப் பெரியவருக்கு ஏன் உடைந்த நாற்காலி? என்னுடைய இருக்கையை அவருக்குத் தரவும்.'"

சிறப்பு விருந்தினரின் இருக்கையை வேறெவரும் எடுத்துக் கொடுக்க முடியாது. சிறப்பு விருந்தினர் தாமே விட்டுத்தரலாம். இவ்விதி முள்ளங்கியாருக்கு எவ்வாறு தெரிந்ததோ அறியேன். கித்வானா மெதுவாகச் சென்று, கைப்பேசியை எடுத்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் திகைத்து, பின்பு மெத்தையில் அமர்ந்து மடியில் வைத்துக்கொண்டார். சோடாவை ஒரே இழுப்பில் குடித்தார்.

"முள்ளங்கியா இருந்தாலும் மரியாத தெரிஞ்ச முள்ளங்கி," என்றார். பிறகு ஹம்துனியைப் பார்த்தார். "மாமான்னு சொன்னேல்ல? பொண்ணு கேட்டு வர்றப்ப இவரையும் கூட்டிட்டு வா."

அழைத்து வந்தார்கள். கித்வானா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. ஹம்துனியின் பெரியப்பாக்கள் முறைப்படி வரிசையாக அமர்ந்தார்கள். நடுவில் திண்டு, திண்டின்மேல் கைப்பேசி, அதனருகே ஒரு தட்டுப் பிலாவ். சிக்கு செய்தியை அனுப்பினாள். சபை காத்திருந்தது. 'டிங்' என்றது. மூன்று தீ.

"வாத்தியாரே," என்றார் கித்வானா, "இது சம்மதமா, இல்லையா?"

"வினைமுற்று இல்லாததை நான் ஏத்துக்க மாட்டேன். ஆனா மூணு தீன்னா தொடங்கிவச்சதா அர்த்தம்னு போன தடவையே சபை தீர்மானிச்சிருக்கு."

"அப்ப சரி."

பெரியப்பா ஒருவர் எழுந்து விளிக்கத் தொடங்கினார். முள்ளங்கியார் முதலில். அடுத்து ஈரத்துணி, பூனையின் வக்கீல், வெங்காயம் எழுபத்தேழு. அவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். 'மீன்காரத் தாத்தாவின் பாட்டு இன்று உண்டா' என்று கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். தூரத்தவர் முதலில் என்னும் விதியில் எனக்கு இன்றும் ஐயமில்லை. எனினும் கல்யாணப் பேச்சில் வெங்காயத்தை விளிப்பதற்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்ய எழுந்தேன்.

"சார், ஒக்காருங்க," என்றாள் தௌசி, பிலாவ் தட்டை என்முன் வைத்தபடி. "ஒங்க பேரு இன்னும் வரல."